மதிலில் மிஞ்சிய கல்

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே புஸ்பம் வகுப்புக்குள் வந்தாள். கையிலிருந்த ஷொப்பிங் பேக்கைப் படிப்பித்துக்கொண்டிருந்த யதுர்ஷன் சேரின் மேசையில் கவிழ்த்தாள். மீன் செதில், முட்டைக்கோது, குழந்தைக்குக் கட்டிப் பாவித்த பம்பர்ஸ், உடைந்த போத்தல்.

உயிரியல் ரியூஷன் வகுப்பு மொத்தமும் மூக்கைப் பொத்தியது.

"என்ன பழக்கம் இது, புஸ்பமக்கா?"

"அதைத்தான் நானும் கேக்க வந்திருக்கன். என்ன பழக்கம் சேர் இது?"

நாவற்குடா வாவிக்கரையில் நண்டுக்கூடு வைத்துப் பிழைப்பவள் அவள். தெருக்காரர் குப்பை கொட்டுவதும் அதே இடத்தில்தான். அன்று விடியப் போத்தல் ஓடு அவள் குதிக்காலைக் கிழித்துவிட்டது. கூட்டுக்குள் நண்டோடு பம்பர்ஸும் வந்தது. வழக்கமாக வாங்கும் ஹோட்டல்காரன் முகத்தைச் சுளித்து, இன்னொரு தரம் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டான்.

தெருவில் வீடு வீடாகக் கத்திப் பார்த்தாயிற்று. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நாங்க இல்லை.

"மனிசர் ஏன் இப்பிடியெண்டு நீங்கதானே படிப்பிக்கிற. சொல்லுங்க."

சேரின் முகம் மலர்ந்தது. மனிதன் குரங்கு வழி வந்த கூர்ப்பு என்ற பரிணாமம்தான் அன்றைய பாடமும். அவளையும் ஒரு மாணவியாக்கி விளக்கினார். ஆதி மனிதர் கூட்டமாக வாழ்ந்தார்கள். கள்ளனைக் கூட்டம் அடித்துத் துரத்தியது. யாரோ பார்க்கிறார்கள் என்று பயந்தவன் கூட்டத்தோடு பிழைத்துப் பிள்ளை பெற்றான். அந்தப் பயம்தான் நமக்குள் ஒழுக்கமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆளில்லாத இடத்திலும் பார்க்க ஒரு கண் தேவைப்பட்டது. அதற்குத்தான் மனிதன் கடவுளை உண்டாக்கினான்.

புஸ்பம் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப இந்தப் போத்தலை எறிஞ்சவன்ட அப்பன், பயப்படாமலே புள்ள பெத்திட்டானாக்கும்."

வகுப்பு சிரித்தது. சேருக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் கூப்பிட்டு, செய்தே காட்டுகிறேன் என்றார்.

மறுநாள், குப்பை விழும் கரையிலிருந்த பூவரச மரத்தடிக்கு ஒரு கருங்கல் வந்தது. சேர் வீட்டு மதிலின் அத்திவாரத்துக்கு இறக்கி மிஞ்சியது. அதற்குச் சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் அப்பி, வெள்ளைப் பெயின்றால் இரண்டு கண்ணும் கீறினார். விஷயம் நம் இருவரோடும் இருக்கட்டும் என்று புஸ்பத்திடம் சொன்னார்.

"தெய்வக் குத்தம் வராதா சேர்?"

"மதில் கல்லுக்கு என்னக்கா குத்தம்?"

அன்றைக்கே குப்பை நின்றது.

பிறகு யாரோ ஒரு செவ்வரத்தம்பூ வைத்தார்கள். அடுத்து கற்பூரம் எரிந்தது. பக்கத்து வீட்டு மார்கிறட் எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். கல் வைரவரா, நாகதம்பிரானா என்பதில் இரண்டு வீட்டுக்காரர் முகம் பார்ப்பதை விட்டார்கள். கும்பிட வந்தவர்கள் உடைத்த தேங்காயில் சிதறியதெல்லாம் தண்ணீரில் விழ, அதைத் தின்ன நண்டு திரண்டு வந்தது. எந்தச் சாமி என்று நண்டு கேட்கவில்லை. ஹோட்டல்காரனும் பழையபடி சிரித்துக்கொண்டு வந்தான்.

சேரும் வந்தார், ஆராய்ச்சிக் கூலியாக நண்டு கேட்டு.

"பாத்தீங்களாக்கா? கல்லெண்டு தெரியாதவனுக்குத்தான் அது கடவுள். தெரிஞ்ச ஆக்கள் நீங்களும் நானும்தான். நமக்கென்ன பயம்?"

புஸ்பம் கூடையைக் கிளறினாள். கால் குறைந்த நண்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் விடியற்காலை. கண்டல் மரப் பற்றைக்குப் பின்னால் புஸ்பம் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சேர். கையில் வயிறு வீங்கிய ஷொப்பிங் பேக். முதல்நாள் குப்பை வண்டி மணியடித்துப் போன நேரம் மனிசன் நித்திரை.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆளில்லை. பூவரசடிக்குப் போய்ப் பேக்கை ஓங்கினார்.

கல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் இறக்கிய கல். அவர் கீறிய கண். இருந்தாலும் கை மெல்லக் கீழே இறங்கியது. காலிலிருந்த செருப்பு எப்போது கழன்றது என்று அவருக்கே தெரியாது. தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார், கல்லின் பார்வை எட்டாத கண்டல் பற்றை வரை.

அங்கே நின்று வீசினார்.

பேக் புஸ்பத்தின் கூட்டில் விழுந்து வெடித்தது. பற்றையை விலக்கிக்கொண்டு அவள் எழுந்தாள், தலையில் ஒரு வாழைப்பழத் தோலோடு.

"அக்கா... அது... வண்டி..."

தெருவே எழும்ப அவள் கத்தப்போகிறாள் என்று சேர் கண்ணை மூடினார். அவள் கத்தவில்லை. தோலை எடுத்துத் தண்ணீரில் போடப்போனவள், போடாமல் தோளில் தொங்கிய கூடைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மதில் கட்டின கல்லு வீட்டில இன்னும் கிடக்கா சேர்?"

"கிடக்கு." சேருக்கு உயிர் வந்தது. "இந்தப் பற்றையடியிலயும் ஒண்டு வைப்பமா? இண்டைக்கே கொண்டு வாறன்."

"இஞ்ச வேணாம் தம்பி," என்றாள் புஸ்பம். "உங்கட கேற்றுக்கு உள்பக்கம் வையுங்க. கண்ணை வீட்டைப் பாத்துக் கீறுங்க."