இரண்டு கம்பெனி வீடு

உலகத்தில் மிச்சமிருந்த இரண்டு கப்பல் கம்பெனிகளும் திங்கட்கிழமை காலை ஒன்றாகிவிட்டன. தூத்துக்குடியில் ஒன்றுக்கு டெரன்ஸ் மேனேஜர், மற்றதற்கு அவன் மனைவி மெர்லின். போட்டிக் கம்பெனி ஆளிடம் வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று இருவருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் பதினோரு வருஷமாக அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு, புளி, பிள்ளையின் காய்ச்சல் தவிர வேறு பேச்சே கிடையாது.

"இனிமே பேசலாம்ல," என்றாள் மெர்லின், இட்லியை எடுத்து வைத்தபடி. "போன வருஷம் கொழும்பு சரக்கு மொத்தத்தையும் எங்ககிட்ட இருந்து எப்படிங்க தட்டிட்டுப் போனீங்க? அன்னைக்கு பாத்ரூம்ல போய் அழுதேன்."

டெரன்ஸ் சிரித்தான். "நானும் ஒருநாள் அழுதிருக்கேன். உக்காரு, சொல்றேன்."

அவள் உட்காரும்போது இரண்டு போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. இருவருக்கும் ஒரே கடிதம். தூத்துக்குடிக்கு இனி ஒரு மேனேஜர் போதும், வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அதுவரை போட்டியில் இருக்கும் மற்றவரிடம் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது.

மெர்லின் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவனும் வைத்தான்.

"சட்னிக்கு உப்பு போதுமா?" என்றாள்.

"போதும்," என்றான் டெரன்ஸ், சட்னியைத் தொடாமலே.