முகம் மூடிய கார்

கண்ணாடிச் சுவரைத் தாண்டி வரும் சாயங்கால வெயில், ஷோரூமின் நடுவில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் செடானின் மேல் வழிகிறது. விற்பனையாளர் அதன் முகப்பு விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "இந்த மாசம் இந்தக் கார் வெளிய போகலன்னா நீ போயிடு" என்று காலையில்தான் மேனேஜர் சொல்லியிருக்கிறார். வாராவாரம் வந்து ஸ்டியரிங்கைத் தடவிவிட்டுப் போகும் வாடிக்கையாளர், இன்றும் உள்ளே உட்கார்ந்தபடி செல்போனை நீட்டுகிறார். படத்தில், அடையாளம் தெரியாதபடி உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சோதனைக் கார் ஏதோ சாலையில் போகிறது. "இதே கார்தான் சார், அடுத்த வருஷம் மூஞ்சிய மாத்திட்டு வருது. லைட்டெல்லாம் மெலிசா இருக்குமாம்" என்கிறார். "யார் சார் சொன்னா?" "எல்லாரும்தான் சொல்றாங்க." அத்தைக்கு மீசை முளைக்கட்டும், அப்புறம் சித்தப்பான்னு கூப்பிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுப் பல்லைக் காட்டுகிறார் விற்பனையாளர். "படத்த உங்களுக்கும் அனுப்பியிருக்கேன், பாருங்க" என்று இறங்கிப் போகிறார் வந்தவர். கதவில் அவர் விட்டுப்போன விரல் தடங்களை விற்பனையாளர் அழுத்தி அழுத்தித் துடைக்கிறார். பிறகு அந்தச் சிவப்புக் காரின் மேலேயே சாய்ந்துகொண்டு தன் போனைத் திறக்கிறார். படத்தை இழுத்துப் பெரிதாக்கி, ஸ்டிக்கருக்கு அடியில் அந்த மெலிந்த விளக்கைத் தேடுகிறார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும், "நல்லாத்தான் இருக்கும்போல" என்கிறது வாய்.