பெயர் வரிசை

சாக்கடைக் குழியிலிருந்து ஏறி வந்தவனின் பெயருக்கு நேரே பாக்கியம் மேலிருந்து கணினியில் பொத்தானை அழுத்துவாள். எக்செல் பட்டியலின் மேக்ரோ, பெயருக்குப் பக்கத்திலுள்ள எண்ணை வைத்து அவன் காற்று முகமூடிக்குள் தானே லாகின் செய்து, வீணாகாதபடி காற்றை நிறுத்திவிடும்.

இன்று ஆபீசர் அகர வரிசை கேட்டாரென்று பெயர்களை மட்டும் மாற்றி அடுக்கியிருந்தாள். முகமூடி எண்கள் பழைய இடத்திலேயே நின்றன.

முதல் ஆளாக இசக்கி மேலே வந்தான். அழுத்தினாள்.

முகமூடியைக் கழற்றியவன் சிரித்தான். "எக்கா, வீட்டுக்கும் காத்தக் கட்டிக் குடுத்து விடுதியா? இன்னும் வருதே!"

பாக்கியம் குழிப்பக்கம் திரும்பினாள். "எலேய், கீழ யாருல இருக்கா?"

"எம் மச்சான் மட்டுந்தான்."

திரையில் எண்ணைப் பார்த்தாள். அவள் மூடியது மச்சானின் காற்று. திரும்பத் திறக்க ஆபீசர் கைரேகை வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

அவள் முகத்தைப் பார்த்ததும் இசக்கி முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு குழிக்குள் காலை விட்டான்.

"இனி எதையும் அழுத்திராதக்கா."