துரைசாணி கொடுத்த கடல்

மலேயாவில், சிம்பாங் பூலாய்க்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில் மழை விடவில்லை. சீமைக்குத் திரும்பும் துரைசாணி, தன் கையால் கடலை வரைந்த துணிப்பை ஒன்றைச் செல்லாயிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூலி லயத்து வாசலின் மங்கிய வெளிச்சத்தில் செல்லாயி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புருசன் சின்னையா பையின் பித்தளை ஜிப்பை இழுத்து இழுத்துச் சிரிக்கிறான். "பாத்தியா, தடமே தெரியாம மூடிக்குது! வெத்தல வச்சுக்கலாம்லா." ஊரிலிருந்து இங்கே வரும்போது கப்பலில் காய்ச்சல் கண்டு செத்த அவர்களுடைய மகளை, பழஞ்சேலையில் சுற்றி நடுக்கடலில் இறக்கினார்கள். செல்லாயி பையை வாங்கி ஜிப்பைத் திறந்து வைக்கிறாள். "மூடு புள்ள, சாரல் அடிக்குது." "வேணாம். அன்னிக்குக் கடலும் இப்பிடித்தான் தடமில்லாம மூடிக்கிச்சு." சின்னையாவின் சிரிப்பு நின்றுபோகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையின் திறந்த வாய் நனையாமல் தன் உள்ளங்கையை மேலே பிடிக்கிறான்.