அக்கா போட்ட திட்டு

லிங்கித் தோட்ட மண்டபத்தில், மேளம் அடிக்க ஆசைப்படும் பள்ளிப் பெண்ணின் கதையான ஜப்பான் படம் தமிழ் பேசி ஓடிக்கொண்டிருந்தது. செனாவாங் பசாரில் துணி விற்கும் தனசேகரனின் கண்ணோ அக்கா அஞ்சலையின் முகத்தில்தான். எத்தனை பேரம் பேசினாலும் ஒரு பாராட்டுக்குப் படியாத அக்கா, இன்றாவது அசைவாளா?

திரையில் அப்பன் மேளத்தை எட்டி உதைத்து, "வெளிய போடி!" என்று கர்ஜித்தான்.

"படுபாவி! பெத்த பொண்ணையா வெரட்டுற? அந்த வெளக்குமாத்த எடுங்கலா!" அஞ்சலை எழுந்தே விட்டாள். மண்டபமே சேர்ந்து திட்டியது.

தனசேகரனுக்கு முகமெல்லாம் பல்.

"என்னடா இளிப்பு?"

"இன்னும் நல்லாத் திட்டுக்கா!"

படம் முடிந்து எழுத்துகள் ஓடின. 'தமிழ்க் குரல்கள்: அப்பா – தனசேகரன், செனாவாங்.'

அஞ்சலை தம்பி பக்கம் திரும்பினாள்.

"வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன்! வீட்டுக்கு வாடா, சுத்திப் போடறேன். ஊர்க் கண்ணே பட்டிருக்கும், அதுல மொதக் கண்ணு என்னோடது."