நாற்காலிக்கு ஒரு பஸ்ஸர்

அரங்குகளில் நாற்காலிக்கு ஒரு பஸ்ஸர் கட்டாயமாகி ஐந்து வருடமாகிறது. அலுத்தவர்கள் அழுத்தலாம், பாதிப் பேர் அழுத்தினால் மைக் அணைந்துவிடும். அன்றிலிருந்து நகர நலமன்றத் தலைவர் நன்மாறன் எந்த உரையையும் முடித்ததில்லை. ‘பேரன்பிற்குரிய’, ‘பெருமதிப்பிற்குரிய’ என்று வரிசையாக விளித்துப் பதினான்காவது ‘அவர்களே’யைத் தொடும்போது பஸ்ஸர்கள் கதறும், மைக் செத்துப்போகும்.

இன்று அவருக்கு மணிவிழா. இருபது பக்க உரை சட்டைப்பையில் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“அந்த ‘அவர்களே’ எல்லாத்தையும் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வாங்களேன். இன்னிக்காவது பேசி முடிங்க” என்றாள் மனைவி பூங்கோதை, காரில் வரும்போது.

நியாயமாகத்தான் பட்டது. மேடையில் முப்பது பேர், கீழே இருபது பேர். நன்மாறன் தொண்டையைச் செருமினார்.

“மனிதன் ஏன் பேசுகிறான்?” என்று தொடங்கினார்.

மேடையே அதிர்ந்தது. பெயர் விடுபட்ட முப்பது பேரும் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். மைக் அணைந்தது. அவருடைய உரைகளிலேயே மிகச் சிறியது இதுதான்.

அழுத்திய நாற்காலிகளின் எண்கள் சுவர்த்திரையில் ஒளிர்ந்தன. கீழ்வரிசையில் ஒரே ஓர் எண். நன்மாறன் குனிந்து பார்த்தார். பூங்கோதை உட்கார்ந்திருந்த நாற்காலி.

இறங்கி வந்து கேட்டார், “நீயுமா? நீதானே விடச் சொன்னே?”

“எல்லாரையும் விடச் சொன்னேன்” என்றாள் அவள். “மேடையில எங்க அண்ணன் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?”