மணி முடிவதற்குள்

"எங்கப்பா சாவியத் திருப்பிக் குடுங்க, ஐயா."

கேட்டுவிட்டேன். என்ன ஆனாலும் இதை மட்டும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று அப்பா ஐந்து வருடமாகச் சொல்லிவந்தார். ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, போதகர் அங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அறைக்கே வந்து கேட்டுவிட்டேன். பின்முற்றத்துச் சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து வந்ததில் பாதம் எரிந்தது.

சாவி அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அப்பா இந்த ஆலயத்தில் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணி அடிப்பார், பெஞ்சு துடைப்பார், திருவிருந்துக்கு மேசை விரித்துத் திராட்சரசம் எடுத்து வைப்பார். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மணிச் சத்தம் கேட்டால் அவர் வலது கை தானாக மேலே போகும். "இழுத்துட்டு விடணும். இந்தப் புது ஆளு என்னடான்னா பஸ்ஸுல தொங்கற மாதிரி தொங்கறான்" என்று முணுமுணுப்பார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ போட்ட மிட்டாய்க் காகிதத்தைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

சம்பளம்தான் நின்றது. வேலை நிற்கவில்லை.

"படிச்ச பொண்ணும்மா நீ" என்றார் போதகர். "போன வாரம்தான மேடையில ஏத்திக் கைதட்டினோம்? அதுக்குள்ள அதிகாரமா?"

தட்டினார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எல்லோரும் நிறுத்திய பிறகும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஜோடிக் கை தட்டிக்கொண்டே இருந்தது.

மேசைமேல் அன்றைய பிரசங்கக் குறிப்பு கிடந்தது. ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்த சீடனை, அவரே தேடிப்போய், மந்தையைத் திரும்ப அவன் கையில் ஒப்படைத்த கதை.

"அந்தச் சீடருக்கு ஒரு மந்தையே திரும்பக் கெடச்சுது. எங்கப்பாவுக்கு ஒரு சாவி கெடைக்காதா?"

போதகரின் விரல் பொத்தானில் நின்றது. கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

"குடியை விட்டு நாலு வருஷம் ஆச்சேன்னு நம்பித்தான் அலமாரிச் சாவியைக் குடுத்தோம். திருவிருந்துக்கு வச்ச திராட்சரசத்தையே குடிச்சாரே! அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரே! திருந்திட்டார்னு யாராவது சபை முன்னால எழுந்து நின்னு சொல்லட்டும். நானே எடுத்துத் தர்றேன்."

வெளியே மணி தொடங்கியது. எப்போதும் நாற்பது அடி.

அன்றும் நாற்பதுதான்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா பாட்டிலைத் திறந்து, மூக்கருகே வைத்து, கண்ணை மூடி முகர்வதை இதே அறையின் கதவிடுக்கில் பார்த்தேன். சின்ன வயதில் அந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டிலை மூடிவிட்டு அவர் மணி அடிக்கப் போனார். மணி முடிவதற்குள், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அத்தனையையும் வாஷ்பேசினில் கொட்டினேன்.

புளித்துவிட்டதா என்று மாதாமாதம் முகர்ந்து பார்ப்பது அவர் வேலை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் போதகர் கேட்டபோது அப்பா வாஷ்பேசினைப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு வளையம். பிறகு என்னைப் பார்த்தார். என் கல்லூரிக்குச் சபையின் பரிந்துரைக் கடிதம் அந்த வாரம்தான் போக வேண்டியிருந்தது.

"நான்தான் குடிச்சேன்" என்றார்.

யாரும் அவர் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. பழைய குடிகாரர், அது போதுமாயிருந்தது.

உனக்கு ஏதாவது தெரியுமா என்று போதகர் கேட்டார். சபை மூப்பர்கள் கேட்டார்கள். வீட்டில் அம்மா கேட்டாள்.

மூன்று முறையும் தெரியாது என்றேன்.

சாவியை ஏன் கேட்கக் கூடாது என்றார் அப்பா? கேட்டால் எது வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும்.

கிருபை என்றால் தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் தயவு. ஞாயிறு பள்ளியில் இதை ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான். அது கடைசி பெஞ்சில் மிட்டாய்க் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை.

"சொல்றேன்யா" என்றேன். "ஆனா நீங்க கேக்கறது வேற. நான் சொல்லப்போறது வேற."

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று பின்முற்றத்துக்கு. இன்னொன்று பீடத்துக்கு, அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மொத்தச் சபைக்கு.

"ஏம்மா, நீ வந்த வழி இது" என்று பின்கதவைக் காட்டினார் போதகர்.

மணி முப்பதைத் தாண்டியிருந்தது. பீடத்துப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.

பின்வாசலில் எனக்கு எடுக்க ஒன்றுமில்லை. செருப்பை வந்தவுடனேயே முன்வாசலில், அப்பா செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன்.